வாயில் கவ்விய பறி

கேளம்பாக்கம் ஃபிளாட்டில் இன்று இறால் பொட்டலத்தைப் பிரித்ததும், ஐஸையும் மீறி எங்கள் கழிமுகத்துச் சேற்றின் வாசனை வந்தது. ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலில் கலந்த அந்த இடத்தில் எங்கள் மீனவர் குப்பம் இருந்தது. இப்போது அங்கே ஆற்றைத் தூர்த்துக் கட்டிய கட்டடங்கள். கரையில் இருந்தால் நாலு தெருவுக்குக் கேட்கப் பேசும் சரசு அத்தை, பனையோலையில் முடைந்த பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு தண்ணீரில் இறங்கியதும் ஊமையாகிவிடுவாள். இரண்டு கைகளும் சேற்றில் இறாலைத் துழாவிக்கொண்டிருக்க, வாயைத் திறந்தால் பறியும் அதுவரை பிடித்ததும் ஆற்றோடு போய்விடும் என்பதால், கெளுத்தி முள் குத்தினாலும் சிரிப்பு வந்தாலும் அவளுக்கும் உடன் இறங்கிய பெண்களுக்கும் "ம்ம்" மட்டும்தான், அந்த ஒரு ஒலியிலேயே அவர்கள் சண்டைகூடப் போட்டார்கள்.

ஒருநாள் நண்டைத் துரத்திக்கொண்டு நான் ஆழத்தின் பக்கம் போய்விட்டேன்.

"மல்லி, நில்லுடி! அங்க பள்ளம் கீது!"

தண்ணீருக்குள்ளிருந்து அத்தையின் குரல். திரும்பினால், நிறைந்த பறி கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. நான் அழுதேன். அத்தை என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"எறா போனா இன்னாடி? ஆறு எங்க போயிடப் போவுது?"