யாரும் தேடாத பச்சை வேன்

அந்தத் துப்பறியும் அலுவலகத்தில் சித்திக்கு மேசை கிடையாது. வாசலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன் முதுகில் தொங்கும் ஒரு துணிப்பை, பைக்குள் பாதி பின்னிய ஸ்வெட்டர். அவ்வளவுதான் அவளுடைய ஆபீஸ். வேலைக்குச் சேர்ந்த வருடம் பின்ன ஆரம்பித்த ஸ்வெட்டர் அது. இன்னும் ஒரு கைகூட முளைக்கவில்லை. ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் பக்கத்தில் இருப்பவர்கள் தாமாகவே பேசுவார்கள். பின்னி முடித்துவிட்டால் பிழைப்பு என்னாவது?

பார்த்தால் யாரோ ஒருவருடைய சித்தி மாதிரியே இருப்பாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் நோயாளியின் சித்தி. பள்ளிக்கூட வாசலில் பிள்ளையின் சித்தி. மாப்பிள்ளை விசாரணை என்றால் அந்தத் தெருவில் வாடகைக்கு வீடு தேடுகிற சித்தி. அலுவலகத்திலும் அதுவே பெயராக நிலைத்துவிட்டது. அவளைவிட மூத்தவரான முதலாளிகூட, "என்ன சித்தி, தேறுமா?" என்றுதான் கேட்பார். அவரை எல்லோரும் இன்ஸ்பெக்டர் என்பார்கள். போலீஸிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலமாகிறது. உடம்புதான் ஓய்வு பெற்றிருந்தது. மீசை இன்னும் பணியில் இருந்தது.

சித்தி யாரையும் கேள்வி கேட்கமாட்டாள். தப்பாக ஒன்றைச் சொல்வாள்.

"உங்க மேனேஜருக்கு ரெண்டும் பொண்ணாமே?" என்பாள்.

"யாரு சொன்னா? ஒரே பையன். அதுவும் அப்பன்கூடப் பேச்சுவார்த்தை இல்ல."

கேட்டால் வாயைப் பூட்டிக்கொள்கிற மனிதர்களுக்கும் காதில் விழுந்த தப்பைத் திருத்தாமல் இருக்க முடியாது. திருத்தும்போது கூடவே நாலு உண்மையைக் கொட்டிவிட்டுப் போவார்கள். தான் சொன்ன பொய்யை 'நான் போட்டது' என்பாள். வந்ததை 'அவங்க குடுத்தது'. எதிராளி திருத்தவில்லை என்றால் அந்தப் பேச்சு குப்பைக்கு. அவர் கவனிக்காமல் இருந்திருக்கலாம், களைப்பாக இருந்திருக்கலாம், ஏன் வம்பு என்று நினைத்திருக்கலாம். இந்தக் கணக்கு இன்ஸ்பெக்டருக்கு அத்துப்படி. தினமும் காலையில் டீ குடித்துக்கொண்டே அவள் வாயால் ஒப்பிப்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, உமியை ஊதித் தள்ளிவிட்டு அரிசியை எடுத்துக்கொள்வார்.

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவருக்கு இது வீட்டிலேயே நடக்கிற கூத்து. "உப்பு எங்கடின்னு கேட்டா குளியலறைலன்னு சொல்லுவா. அங்க எப்படிடி இருக்கும்னு நானே அடுப்படியில தேடி எடுத்துக்குவேன்" என்று சிரிப்பார்.

அந்த வருடம் அரசு ஆஸ்பத்திரி மருந்து ஊழல் வெளியே வந்தது. காலாவதியான மருந்துகளுக்குப் புது லேபிள் ஒட்டி வார்டுகளுக்கு அனுப்பியிருந்தார்கள். நல்ல மருந்துகள் பெட்டி பெட்டியாக வெளியே போயிருந்தன. குழந்தைகள் வார்டில் காய்ச்சல் இறங்காமலே இரண்டு குழந்தைகள் போய்ச் சேர்ந்தன. ஊரே கொதித்தது. தன் லேபிளைத் திருடிவிட்டார்கள் என்று மருந்துக் கம்பெனி இன்ஸ்பெக்டரை அமர்த்தியது. வழக்கை நடத்தவேண்டிய அரசு வழக்கறிஞரின் அலுவலகத்திலோ ஆள் இல்லை, நேரம் இல்லை, மின்விசிறிகூட ஒழுங்காக ஓடவில்லை. இன்ஸ்பெக்டர் அங்கே அம்மா வீட்டுக்குப் போகிற பெண் மாதிரி போய்வர ஆரம்பித்தார். அங்கே அவருக்கென்று ஒரு நாற்காலி வந்தது. அரசு வழக்கறிஞரின் ஜூனியர் தினமும் காலையில் இங்கே வந்து டீ குடித்தான். யார் வேலை எது என்று இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளவே இல்லை. ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்ட பிறகு இலையைப் பிரித்துப் பார்ப்பானேன் என்பது போல.

கைதாகி உள்ளே இருந்தவர் கிடங்குப் பொறுப்பாளர். பெட்டிகளை எப்படி வெளியே அனுப்பினார் என்பது மட்டும் தெரியவில்லை. அதைத் தெரிந்துவரத்தான் சித்தி ஆஸ்பத்திரி பெஞ்சுக்குப் போனாள்.

கிடங்கைக் கூட்டித் துடைக்கும் பெண் மதியம் அந்த பெஞ்சில்தான் காலை நீட்டி உட்காருவாள். சில நாட்களிலேயே ஒட்டிக்கொண்டாள். பொறுப்பாளர் வெளியூர்க்காரர் என்று சித்தி போட்டதை, "இல்ல சித்தி, பக்கத்துத் தெருதான், சம்சாரம் டீச்சர்" என்று திருத்தினாள். சாவி ஒன்றுதான் என்று போட்டதை, "மூணு சாவி இருக்கு, ஒன்னு பெரிய டாக்டர்கிட்ட" என்று திருத்தினாள். ஒருநாள், பின்னலில் இருந்து கண்ணை எடுக்காமல் சித்தி போட்டாள்:

"பெட்டியெல்லாம் ஒரு பச்சை வேன்லதான் போகுமாமே?"

பச்சை என்று ஏன் வாயில் வந்தது என்றால், அன்று காலை கணவர் தன் வேனுக்குப் பச்சை அடிக்கலாமா என்று கேட்டு ஒரு மணி நேரம் உயிரை வாங்கியிருந்தார்.

அந்தப் பெண் இரண்டு ஷிப்ட் பார்த்த களைப்பில் இருந்தாள். கண் பாதி செருகியிருந்தது. "ம்ம்" என்றாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் சித்தி எப்போதும்போல ஒப்பித்தாள். சாவி விஷயம் சொன்னாள். டீச்சர் சம்சாரம் சொன்னாள். "பச்சை வேன்னு ஒன்னு போட்டேன். அவ திருத்தல" என்றாள். அதற்குள் இன்ஸ்பெக்டர் போன் பேச எழுந்து போயிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தது ஜூனியர் மட்டும். மறுக்காததை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம் என்று அவனுக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். திருத்தாததைக் குப்பையில் போடவேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினான். பையன் அவசரமாக இருக்கிறான் என்று சித்தி நினைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்தது என்று அவளை வேறொரு மாப்பிள்ளை விசாரணைக்கு அனுப்பினார்கள்.

நீதிமன்றத்தில் மருந்து வழக்கு விசாரணைக்கு வந்தபோது அவளை மறுபடி கூப்பிட்டார்கள். சாட்சி சொல்லவேண்டிய கூட்டுகிற பெண் பயந்து நடுங்குகிறாள், பக்கத்தில் இருந்து தைரியம் சொல்லுங்கள் என்று. சித்தி அவளை நீதிமன்ற நடையில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

கூண்டில் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் நின்றார்.

"பெட்டிகள் எதில் போயின?"

"பச்சை வேன்லங்க."

சித்தியின் ஊசி நின்றது.

"எப்படி அடையாளம் தெரியும்?"

"பின்கதவு சரியா மூடாதுங்க. கயிறு போட்டுக் கட்டியிருப்பாங்க."

அடுத்து டீக்கடைக்காரர் வந்தார். அவருக்குக் கயிறு தெரியவில்லை. ஆனால் டிரைவர் தொப்பி போட்டிருந்தது தெரிந்தது, வண்டியில் பாட்டு அலறியது தெரிந்தது. இரண்டு பேர் முகத்திலும் பொய்யின் சாயல் துளிகூட இல்லை. 'வேன் வந்ததா?' என்று கேட்டிருந்தால் அவர்கள் யோசித்திருப்பார்கள். 'பச்சை வேன் எத்தனை தடவை வந்தது?' என்றல்லவா ஜூனியர் போய்க் கேட்டிருக்கிறான் என்று சித்திக்குப் புரிந்தது. அவள் பெற்ற பொய் கை கால் முளைத்து, தொப்பி போட்டுக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு அவள் முன்னாலேயே நடந்துபோனது. கூண்டுக்கு அந்தப் பக்கம் கிடங்குப் பொறுப்பாளர், தனக்குத் தெரியாத மொழியில் யாரோ பேசுகிறார்கள் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதிய இடைவேளையில் இன்ஸ்பெக்டரை இழுத்துக்கொண்டு அரசு வழக்கறிஞரின் அறைக்குப் போனாள்.

"ஐயா, அந்த வேன் நான் போட்டது. அப்படி ஒரு வேனே கிடையாது."

அரசு வழக்கறிஞர் கெட்ட மனிதர் இல்லை. டிபன் டப்பாவைத் திறந்தபடியே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அம்மா, ரெண்டு குழந்தைங்க செத்திருக்கு. இந்த ஆள்தான் பண்ணியிருக்கான்."

"எப்படிங்க தெரியும்?"

"என்ன கேள்வி இது? உங்க ஆபீஸ்தானே சொல்லுச்சு?"

சித்தி இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். அவர் மீசையைத் தடவினார். "அரசாங்கமே எடுத்து நடத்துற கேஸ் சித்தி. ஒன்னும் இல்லாமயா நடத்துவாங்க?"

அரசு வழக்கறிஞர் டப்பாவை மூடினார். "நீங்க இப்ப சொன்னதை நான் கேக்கல. நீங்களும் சொல்லல. சரியா?"

வெளியே வந்ததும் இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "வாயத் தொறந்தீங்கன்னா நம்ம கடைக்குப் பூட்டுதான். அப்புறம் உங்களுக்கு எவன் வேலை குடுப்பான்? பொய் சொல்றதுதான் என் தொழில்னு கோர்ட்ல நின்னு சொல்லப் போறீங்களா? அவன் எப்படியும் திருடன்தான் சித்தி. வேன்ல போனா என்ன, விமானத்துல போனா என்ன?"

"திருடனாவே இருக்கட்டும். நான் செஞ்ச வண்டியில ஏத்தி அனுப்பக்கூடாதுல்ல?"

"போய் ஸ்வெட்டரைப் பின்னுங்க."

நடையில் கூட்டுகிற பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். இடைவேளை முடிந்ததும் அவள் முறை. சித்தி பக்கத்தில் உட்கார்ந்து, வாழ்நாளில் முதல்முறையாக, வேலை நேரத்தில் உண்மையைச் சொன்னாள். தனக்கு ஆஸ்பத்திரியில் எந்த நோயாளியும் இல்லை, தன் வேலை இதுதான், பச்சை வேன் தானே கட்டிய கதை என்று எல்லாவற்றையும்.

அந்தப் பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். பிறகு, "அப்ப எனக்கு ரொட்டி வாங்கிக் குடுத்ததெல்லாம்?" என்றாள்.

"அது நெஜம்டி. பசிச்சுது, வாங்கினேன்."

"உங்க பேச்சுல எது நெஜம், எது பொய்னு நான் எப்படிச் சித்தி பிரிக்கிறது?"

"வேன் பொய். அத மட்டும் நம்பு."

"அதான் இல்லங்கிறேன். நான் பாத்தேன். கதவுல கயிறு கட்டியிருந்துச்சு. இந்தக் கண்ணால பாத்தேன். உங்களுக்குத் தெரியாம வந்திருக்கும்."

சித்தி அவள் கண்ணைப் பார்த்தாள். அதில் பயமும் இல்லை, யாரோ சொல்லிக்கொடுத்த பாடமும் இல்லை. வேன் உண்மையிலேயே அந்தக் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் எத்தனை பேருக்கு எத்தனை பச்சை வேன்களைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம் என்று சித்தி எண்ணிப் பார்த்தாள். திருத்தியவர்களை மட்டும்தான் இத்தனை நாளும் நினைவில் வைத்திருந்தாள். திருத்தாமல் போனவர்கள் எதை எடுத்துக்கொண்டு போனார்கள்?

எழுந்து நேராக எதிர்த்தரப்பு வக்கீலிடம் போய், "என்னைக் கூண்டுல ஏத்துங்க" என்றாள்.

அவள் சாட்சி சொன்ன நாளில் அரசு வழக்கறிஞர் கேட்கவேண்டியதைக் கேட்டார்.

"பொய் சொல்வதுதானே உங்கள் தொழில்?"

"ஆமாங்க."

"அப்படியென்றால் இப்போது சொல்வதை மட்டும் ஏன் நம்பவேண்டும்?"

"நம்ப வேணாங்க. வேனைத் தேடிப் பாருங்க. இருந்தா என்னை உள்ள போடுங்க."

அறையில் லேசாகச் சிரிப்பு எழுந்து அடங்கியது. நீதிபதி சிரிக்கவில்லை. போலீஸ் அதிகாரியைப் பார்த்து, வேன் யாருடையது, எங்கே நிற்கிறது என்று கேட்டார். அதைத் தனியார் அலுவலகம் பார்த்துக்கொண்டதாக நினைத்தோம் என்றார் அதிகாரி. அது போலீஸின் வேலை அல்லவா என்றார் இன்ஸ்பெக்டர். அரசு வழக்கறிஞர் ஜூனியரைப் பார்த்தார். ஜூனியர் தன் ஷூவைப் பார்த்தான். இத்தனை மாதங்களில் இத்தனை பேர் சத்தியம் செய்த வாகனத்தின் நம்பரை ஒரே ஒருவர்கூடத் தேடியிருக்கவில்லை.

கூட்டுகிற பெண் சொன்னது உட்பட மூன்று பேருடைய சாட்சியமும் தள்ளுபடியானது. பொறுப்பாளருக்கு ஜாமீன் கிடைத்தது. தனியார் ஆட்கள் தொட்டதையெல்லாம் முதலிலிருந்து விசாரிக்கவேண்டும் என்று உத்தரவானது. வழக்கு இன்னும் நடக்கிறது. மற்ற இரண்டு சாவிகள் யார் யாரிடம் இருந்தன என்று இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். செத்துப்போன குழந்தைகளில் ஒன்றின் அப்பா, நீதிமன்ற வாசலில் சித்தியை வழிமறித்து, "திருடனக் காப்பாத்திட்டியேம்மா" என்றார்.

வேலை போய்விட்டது. வேறு எந்த அலுவலகமும் எடுக்கவில்லை. முகம் பேப்பரில் வந்த சித்தி யாருக்குச் சித்தியாக முடியும்? இப்போது கணவரின் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாவாகப் போகிறாள். கேட்கவேண்டியதை நேராகக் கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறாள். "சாப்டியா?" என்று கேட்பதற்கே கூச்சமாக இருக்கிறது என்று கணவரிடம் சொன்னாளாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுப்பாளரின் மனைவி, அந்த டீச்சர், வீடு தேடி வந்தாள். கையில் பழப்பை. உட்காரவில்லை, கதவருகிலேயே நின்று சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவர் தப்புப் பண்ணலைன்னு ஊருக்கே காட்டிட்டீங்க. எங்க குடும்பமே உங்கள மறக்காது."

சும்மா தலையாட்டியிருக்கலாம். பழக்கமான வேலைதான். தலையாட்டினால் இந்தப் பெண் சந்தோஷமாக வீட்டுக்குப் போவாள். போகிற வழியில் நாலு பேரிடம் சொல்வாள். அது அங்கிருந்து எங்கே போய் என்னவாகும் என்று சித்திக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

"இல்லம்மா" என்றாள். "அவர் எடுத்தாரா, எடுக்கலையா, எனக்குத் தெரியாது. வேன் இல்ல. அது ஒன்னுதான் எனக்குத் தெரியும்."

டீச்சரின் பிடி தளர்ந்தது. முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல இறங்கியது. "இத நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்க்கா" என்றாள்.

பழப்பையை வைப்பதா, திரும்ப எடுத்துக்கொண்டு போவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். சித்தி உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.