குப்புறப் படுத்தவர்

பதுளை ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு தேநீர்க் கடையில் கொஞ்ச காலம் வேலை செய்தேன். கண் வாட்டுக்குப் பிளேன்டீ கொண்டுபோவது என் பொறுப்பு. அங்கேதான் அவர் இருந்தார். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் செடிகளின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர், கட்டையான உடம்பு. ஒரு கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. மற்றதில் கம்பு தெறித்துக் கொழும்பில் ஆபரேஷன் செய்திருந்தார்கள். இப்போது அதிலும் வெண்புரை, வெளிச்சம் மட்டும்தான் தெரியும்.

யாழ்ப்பாணத்து டாக்டர் எதையும் மறைக்கவில்லை. "உள்ளுக்க இருந்த ஜெலியைக் கொழும்பிலயே எடுத்திட்டினம். இப்ப வெறும் தண்ணிதான். புரையை எடுக்கேக்க அது நழுவி உள்ளுக்க விழக்கூடும். ஆடாமல் படுக்க வேணும்."

"கல்லு மாதிரி கெடப்பேங்க" என்றார் அவர்.

ஆபரேஷனுக்கு மறுநாள் கட்டு அவிழ்க்கும் நேரம். மற்றவர்களுக்கு டீ கொடுத்து முடித்தும், அவருடைய டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்; எனக்குப் போக மனமில்லை. அவரோ தலையணையில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் குப்புறக் கிடந்தார். டாக்டர் பதறிவிட்டார்.

"ஆர் உங்களை இப்பிடிப் படுக்கச் சொன்னது?"

"கொழும்புல சொன்னாங்களேங்க. அப்ப நாள் கணக்கா தரையத்தான் பார்த்தேன்."

"அது போன முறை, கண்ணுக்க காஸ் அடிச்சு விழித்திரையை ஒட்ட வைச்சதுக்கு. இப்ப நிமிருங்கோ."

கட்டு அவிழ்ந்தது. அவர் பழக்கத்தில் முதலில் தரையைத்தான் பார்த்தார். பிறகு என் செருப்பு, கட்டியிருந்த சாரம், கையிலிருந்த டீ என்று மெல்ல மெல்ல மேலே வந்தார்.

"நீங்கதானா அந்தக் கால இழுத்து இழுத்து நடக்கிற ஆளு? சத்தத்த வச்சுக் கெழவன்னுல்ல நெனச்சேன்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். டீ கையில் கொட்டிச் சுட்டதுகூட எனக்குத் தெரியவில்லை.

பிறகு எத்தனையோ ஊர் மாறிவிட்டேன். யாராவது என்னைக் காலிலிருந்து தலைவரை அளந்து பார்த்தால் இப்போதெல்லாம் கோபம் வருவதில்லை.