காலால் அழித்த தடம்

ஜோகூர் ஸ்கூடாயில் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், மளிகைக்கடை வைத்திருக்கிற அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "டென்னிஸ் ஆடுற, சரிம்மா. வேலை என்னா?" இதுதான் அண்ணே வேலை என்பேன். "அப்புறம் ஏன் டிவியில வர மாட்டேங்கிற?" என்பார். வெங்காயத்தை எடைபோட்டுக்கொண்டே கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டிவியில் வருகிறவர்கள் வேறு கூட்டம். அவர்களுக்குக் கீழே ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருக்கிறோம். உலகத் தரவரிசை என்று ஒன்று உண்டு. அதில் பெயர் வர வேண்டுமென்றால் ஏதாவது ஒரு போட்டியின் மெயின் டிரா என்கிற பிரதான சுற்றுக்குள் போய் ஆட்டம் ஜெயிக்க வேண்டும். என்னைப் போன்ற ஆட்களுக்கு மெயின் டிராவின் வாசல் தகுதிச்சுற்று. அதில் வரிசையாக எல்லாரையும் தோற்கடித்தால்தான் உள்ளே விடுவார்கள். நான் பல தடவை அந்த வாசல்வரை போய்த் திரும்பி வந்தவள். இதையெல்லாம் வெங்காயம் வாங்கப் போன இடத்தில் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

நான் ஆடக் கற்றது ரெங்கத்துக்குப் பக்கத்தில், ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில். அப்பா அங்கே கிராணியாக இருந்தார், தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதுகிற வேலை. தோட்டத்து கிளப்பில் ஒரு செம்மண் ஆடுகளம் இருந்தது. எந்தத் துரை போட்டுவிட்டுப் போனாரோ தெரியாது. சாயங்காலமானால் கிராணிமார்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் அங்கே ஆடுவார்கள். ஆள் குறைந்தால் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள். பிறகு ஆள் குறையாவிட்டாலும் என்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று, ஏனென்றால் நான் அவர்களை ஜெயிக்க ஆரம்பித்திருந்தேன்.

செம்மண்ணில் பந்து விழுந்தால் தடம் பதியும். கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று அதைப் பார்த்துச் சொல்லலாம். எங்கள் களத்தில் அதுவே பெரிய வில்லங்கமாக இருந்தது. பழைய தடமும் புதுத் தடமும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். "இது முந்தின பந்துலா!" "கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?" என்று சண்டை வலுத்து ஆட்டமே நின்றுவிடும். அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். உன் பக்கம் விழுந்த பந்தை அவுட் என்று நீ சொன்னால், உடனே அந்தத் தடத்தைக் கால் சப்பாத்தால் தேய்த்து அழித்துவிட வேண்டும். அழித்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குமேல் யாரும் கேட்கக்கூடாது, கேட்டால் அடுத்தவனைப் பொய்யன் என்று சொன்னதாக அர்த்தம். அப்படிக் கேட்டுவிட்ட ஒரு வாத்தியார் ரொம்ப நாள் கிளப் பக்கமே வரவில்லை.

வெளியுலகத்தில் இதே காரியத்துக்கு நேர்மாறான அர்த்தம். தகுதிச்சுற்றில் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டார், அவரவர் பக்கத்துப் பந்தை அவரவர்தான் சொல்ல வேண்டும். எதிரிக்குச் சந்தேகம் வந்தால் தடத்தைக் காட்டு என்று கேட்கலாம். காட்டுவதற்கு முன் நீயாக அதை அழித்துவிட்டால் பாயிண்ட்டை விட்டுக்கொடுத்ததாகக் கணக்கு. இந்த விதி எனக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். நன்றாகத் தெரியும். அந்தக் கால் பழக்கத்தை விடுவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்பா வேலையை விட்டதும் ஸ்கூடாய்க்கு வந்தோம். இங்கே எல்லாம் சிமெண்டுத் தரை. சிமெண்டில் என் ஆட்டம் எடுபடவில்லை. நான் பலமாக அடிக்கிறவள் இல்லை. ஓடுவேன், சறுக்கிப்போய் எடுப்பேன், எதிரி அலுத்துப்போகும்வரை பந்தைத் திருப்பிக்கொண்டே இருப்பேன். அதற்கு மண் வேண்டும். ஜோகூரில் மண்ணுக்கா பஞ்சம், ஆனால் ஆடுவதற்குக் கிடைக்காது. ஆகவே மண் இருக்கிற ஊர்களுக்குப் போனேன், தனியாக.

துருக்கியில் கடலோரத்து ஓட்டல்களில் வாராவாரம் இந்தச் சின்னப் போட்டிகள் நடக்கும். ஓட்டலுக்குப் பின்னால் வரிசையாகச் செங்கல்தூள் போட்ட களங்கள். மற்ற பெண்கள் பயிற்சியாளரோடு வருவார்கள், அம்மாவோடு வருவார்கள், சிலர் நாய்க்குட்டியோடுகூட வந்தார்கள். எனக்கு ஒரு பெட்டியும் ஒரு போத்தல் நெத்திலி போட்ட மிளகாய்ச் சம்பலும். காலையில் அவித்த முட்டை மேல் சம்பலை வைத்துச் சாப்பிடுவேன். பக்கத்து மேசைக்காரிகள் மூக்கைச் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்புகூட அப்போது ஒரு பேச்சுத்துணை மாதிரிதான் இருந்தது. எனக்கு ஓய்வு கிடைக்கிற நேரத்தில் ஸ்கூடாயில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தமிழ் பேச ஆளில்லாமல் சர்வ் போடும்போது பந்தோடு பேசுவேன். "ஒழுங்கா உள்ள போய் விழுடி." தனிமை வந்தால் சிலருக்கு அழுகை வரும், எனக்குக் கோபம் வரும். யார் மேல் என்று தெரியாத கோபம்.

ஒரு முறை அப்படித் துருக்கிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசினாள். அவள் தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறவள். விடியுமுன் எழுந்து பஸ் ஏறுகிறவளுக்குச் சுற்றி வளைத்துப் பேச நேரமில்லை.

"இந்தத் தடவை மெயின் டிராவுக்குள்ள போனா, அதுக்கப்புறம் நான் வாயத் தொறக்க மாட்டேன். நீ ஆடிக்கிட்டே இரு. இல்லன்னா வந்து என்கூட வேலையில சேரு. எங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கிறாங்க. என்னா சொல்ற?"

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். நான் சரி என்றேன்.

அந்த முறை துருக்கியில் எனக்கு ஒரே ஒரு சிநேகிதி வாய்த்தாள். பனிநாட்டுக்காரி, என்னைப் போலவே தனியாக வந்தவள். பந்தடித்துப் பழக எதிரே ஓர் ஆள் வேண்டும். பயிற்சியாளர் இல்லாத எங்களோடு யாரும் சேர மாட்டார்கள். மிஞ்சிப்போன இரண்டு பேர் சேர்ந்துகொண்டோம். ஆங்கிலம் அவளுக்கும் அரைகுறைதான். தினமும் காலையில் ஒருமணி நேரம் அடிப்போம், பிறகு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அதிகம் பேச மாட்டாள். ஒருநாள் சம்பலைக் கேட்டு வாங்கித் தின்று, கண்ணில் தண்ணீர் வழிய, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றாள். அன்றிலிருந்து அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டத்தில் எனக்கு எதிரே அவள் வந்து நின்றாள்.

ஆளுக்கொரு செட் ஜெயித்து, முடிவைத் தீர்மானிக்கிற சிற்றாட்டத்துக்கு வந்தோம். எனக்கு இன்னும் ஒரே ஒரு பாயிண்ட். பந்து முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருந்தது, நான் ஓடிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவள் ஓங்கி அடித்தது பின்கோட்டைத் தாண்டி விழுந்தது. கோட்டுக்கும் தடத்துக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். "அவுட்!" என்று கத்தினேன். மெயின் டிரா! உடம்பெல்லாம் சிலிர்த்தது. வலையருகே போய்க் கைகொடுக்கத் திரும்பினேன். திரும்புகிற வேகத்தில் என் வலதுகால் தானாகப் போய் அந்தத் தடத்தைத் தேய்த்துவிட்டது.

அவள் வலைக்கு வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, "தடத்தைக் காட்டு," என்றாள்.

அலமாக்! குனிந்து பார்த்தேன். அங்கே என் சப்பாத்து தேய்த்த பட்டை மட்டும்தான் இருந்தது.

மேற்பார்வையாளர் வந்தார். ரெங்கத்துக் கதையையெல்லாம் அவரிடம் சொல்ல முடியுமா? எங்கள் ஊரில் இப்படித்தான் என்று ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே, "நீங்கள்தான் அழித்தீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாயிண்ட் அவளுக்குப் போயிற்று. அடுத்த இரண்டு பாயிண்டும், அவற்றோடு ஆட்டமும், எப்படிப் போயின என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. கைகொடுத்தோம். அவள் கை சில்லிட்டிருந்தது.

அப்பாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.  அவர் பக்கம் சாலையில் ஹார்ன் சத்தம் கேட்டது.

"நீ அழிச்சதுமே முடிஞ்சிருச்சில்ல," என்றார். "அதுக்கப்புறம் எப்படிம்மா கேப்பாங்க?"

"இங்க கேப்பாங்கப்பா."

"நீ பொய் சொல்ல மாட்டேன்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியாதா?"

 பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சரி, விடு. வந்து சேரு மொதல்ல. நான் மேனேஜர்கிட்ட சொல்லி வைக்கிறேன்," என்றாள், காய்ச்சல்காரியிடம் பேசுவது போல.

ஆனால் உடனே வந்துசேர முடியாது. திரும்பும் டிக்கெட் அடுத்த வாரத்துக்கு இருந்தது, மாற்ற வழியில்லை. அன்று இரவு சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மூலை மேசையில் போய் உட்கார்ந்தேன். சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தேனே தவிர ஒரு வாய் உள்ளே இறங்கவில்லை. பனிநாட்டுக்காரி தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள், வழக்கம் போல.

"அது அவுட்தான்," என்றாள். "நானும் பார்த்தேன்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "பிறகு ஏன் கேட்டாய்?"

"நீ அழித்தாய். அழித்தால் எனக்குக் கொடுக்கிறாய் என்று அர்த்தம். கொடுத்ததை நான் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்?" அவள் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. நிஜமாகவே கேட்டாள். பிறகு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். "நாளைக்கு எனக்கு மெயின் டிரா ஆட்டம். காலையில் அடித்துப் பழக ஆளில்லை. நீ வருவாயா?"

சூப்பைத் தூக்கி அவள் தலையில் கவிழ்க்கலாமா என்று இருந்தது.

"நாசமாப் போடி," என்றேன் தமிழில்.

"அப்படியென்றால்?"

நான் அவளைப் பார்த்தேன். அவளைச் சுற்றி இருந்த மேசைகளைப் பார்த்தேன். அம்மாக்களும் பயிற்சியாளர்களும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இனி ஒரு வாரம் அங்கே இருக்க வேண்டும். அவளையும் விட்டால் என்னிடம் வாய் திறந்து பேச அந்த ஓட்டலில் ஒரு ஜீவன் இல்லை.

"எத்தனை மணிக்கு என்று கேட்டேன்," என்றேன்.

"எட்டு மணிக்கு," என்றாள்.

எட்டு மணிக்கு முன்னாலேயே போய் நின்றேன்.