இரண்டாயிரத்து ஒன்றுதான் சிறந்த வருடம்

இது இப்படித்தான் முடியும் என்று காலையிலேயே எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

தங்கை மகள் ஷாலினி பதுளையில் பழைய பிளேஸ்டேஷன் டூ கேம் பெட்டி ஒன்று வாங்கினாள். அந்தப் பெட்டிக்கென்றே வந்த கேம்களைக் கடைக்கார முஸ்லிம் அண்ணன், எங்கள் பேச்சில் நானா, வருடவாரியாகக் கட்டி வைத்திருந்தார்.

"ஒரு கட்டு சும்மா தாறன் தங்கச்சி. பொறகு மாத்தித் தர மாட்டன்."

அவள் என்னைப் பார்த்தாள். "மாமா, எந்த வருஷம்?"

"ரெண்டாயிரத்து ஒன்னு. அந்த வருஷம் வந்த அத்தனையும் வெளையாடி முடிச்சவன் நான்."

நானா அந்தக் கட்டைத் தடவிப் பார்த்தார். "மாமாவுக்கு விஷயம் தெரியும். இத எனக்குன்னே வெச்சிருந்தன்."

எங்கள் ஹாலிஎல வீட்டில் ஒரு கேமைப் போட்டதும் திரையில் பனிமூட்டம், அதற்குள் ஒரு கோட்டை. வெளியே மலையிலும் அதே பனி. ஜன்னல் எங்கே முடிகிறது, டீவி எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. ஒரு மணி நேரம் அவள் கன்ட்ரோலரைக் கீழே வைக்கவேயில்லை. நானும் பார்த்தபடியே அந்தக் கோட்டைக்குள் நடந்துகொண்டிருந்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது.

பிறகு கன்ட்ரோலரை என் கையில் வைத்தாள். "நீங்க வெளையாடுங்க மாமா, பாப்போம்."

"கை வலிக்குதும்மா" என்றேன்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அந்த வருடம் லுணுகலை பஸ்ஸுக்கு நின்றபோதெல்லாம் கேம் கடைக் கண்ணாடி வழியே பார்த்ததுதான். விளையாடியதாகச் சொன்னது நானே சேர்த்தது.

ஷாலினி கடைக்குப் போயிருக்கிறாள். எதை அழுத்தினால் கோட்டைக்குள் ஆள் நடக்கும் என்று அவள் வருவதற்குள் யாராவது சொல்லுங்கள்.