ஸ்டேஜ் ஒன்றா, ஸ்டேஜ் இரண்டா?

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, மேற்குத் தாம்பரத்தில் அண்ணன் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, கை காய்ந்துபோகும்வரை உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அண்ணன் மகள் ஜோ தன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். அண்ணன் புதிதாக வாங்கியிருக்கும் மின்சாரக் காரின் படம் அதில் இருந்தது. வேகத்தைக் கூட்ட இப்போதெல்லாம் ஸ்பேனர் வேண்டாமாம், மெக்கானிக் வேண்டாமாம். போனில் ஒரு பட்டனைத் தொட்டால் வண்டி நின்ற இடத்திலேயே பலசாலி ஆகிவிடுமாம்.

"அத்தை, ரெண்டு ஆப்ஷன் இருக்கு. ஸ்டேஜ் ஒன், ஸ்டேஜ் டூ. எது போடலாம்?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். அவ்வளவுதான். எனக்குப் புரையேறி, அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்து, ஜோ எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன ஜோக்?" என்றாள். அவளுக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? உங்களுக்குச் சொல்கிறேன், நீங்கள் பொறுமைசாலி.

ஸ்டேஜ் என்றதும் உங்களுக்கு மேடையும் மைக்கும் ஞாபகம் வரலாம். எங்கள் வீட்டில் அப்படியில்லை. அப்பா முப்பது வருடம் டவுன் பஸ் கண்டக்டர். பஸ் போகும் பாதையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு ஸ்டேஜ் என்று வைத்துத்தான் டிக்கெட் கிழிப்பார்கள். ஓய்வுபெற்ற பிறகும் அப்பாவுக்கு உலகத்தின் தூரம் எல்லாம் ஸ்டேஜ்தான். சர்ச் ஒரு ஸ்டேஜ். என் பள்ளிக்கூடம் இரண்டு ஸ்டேஜ். அம்மா பிறந்த நாசரேத்து, ஸ்டேஜுக்குள் அடங்காத ஊர். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று கேட்கவில்லை, "உங்க வூடு இங்கேர்ந்து எத்தினி ஸ்டேஜ்?" என்றுதான் கேட்டார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை, வேறு காரணத்தால்.

அப்பாவின் இன்னொரு சொத்து அவருடைய விசில். சட்டைப் பையில் ஊக்கு குத்தி, கறுப்புக் கயிற்றில் தொங்கும். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் கிளம்பு. பஸ்ஸில் மட்டுமல்ல. நான் பாத்ரூமில் அதிக நேரம் எடுத்துக்கொண்டால் கதவுக்கு வெளியே ஒரு விசில் கேட்கும். அண்ணனின் கல்லூரி சைக்கிள் வாசலைத் தாண்டும்போது இரண்டு விசில் கேட்கும். எதிர்வீட்டு நாய்கூட ஒரு விசிலுக்கு நிற்கும். இரண்டுக்கு ஓடும்.

அண்ணன் ஜெபா ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியராகச் சேர்ந்த மூன்றாவது வருடம் எங்கள் வீட்டுக்கு ஒரு கார் வந்தது. கோட்டூர்புரத்தில் ஒரு பெரிய வீட்டில் உறை போட்டுப் பல வருடம் கிடந்த வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. இரண்டே கதவு. பின்சீட் என்று ஒன்று இருந்தது, அதில் நானும் என் முழங்காலும் சேர்ந்து உட்கார முடியாது. தரையோடு தரையாக ஊர்ந்துவரும். எங்கள் தெருவின் வேகத்தடையில் அடிவயிறு உரசும் சத்தத்தைக் கேட்டு அம்மா ஒவ்வொரு முறையும் "இயேசப்பா" என்பார். அப்பாவோ, வண்டி வாசலை அடைத்துக்கொண்டதால் தன் சைக்கிளை எடுக்க முடியவில்லை என்பதில் ஆரம்பித்து, "நாலு பேர் இருக்கற வூட்ல ரெண்டு பேர் வண்டி இன்னாத்துக்கு?" என்பதில் முடிப்பார்.

அண்ணன் காதில் எதுவும் விழாது. அவன் அந்தக் காரைக் காதலித்தான், வேறு வார்த்தை இல்லை. ஆனால் காதலித்தவளை அப்படியே ஏற்றுக்கொள்கிறவனா அவன்? இன்ஜினின் பலத்தைக் கூட்ட ஒரு கிட் வாங்கிப் பொருத்த வேண்டும் என்று கிளம்பினான். இரண்டு கிட் இருந்தன. ஸ்டேஜ் ஒன் என்பது சாதுவானது: காற்று சுலபமாக நுழைய ஒரு ஃபில்டர், புகை சுலபமாக வெளியேற ஒரு சைலன்ஸர், இன்ஜினின் கம்ப்யூட்டர் மூளைக்குப் புதிய பாடம். ஸ்டேஜ் டூ கொஞ்சம் ரவுடி: அவற்றோடு டர்போவிலிருந்து வரும் தடித்த குழாய், காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலர், மிதித்தால் திருப்பி மிதிக்கும் கிளட்ச்.

எது வாங்குவது? மூன்று மாதம் இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி வந்தது. அவன் இன்டர்நெட்டிலிருந்து கட்டுக் கட்டாக அச்செடுத்து வருவான். வீட்டில் இங்கிலீஷ் எம்.ஏ. படித்தவள் நான்தான் என்பதால் உரக்க வாசிக்கும் வேலை எனக்கு. கவிதைக்கு உரை சொல்லப் படித்தவள், முறுக்கு விசை என்றால் என்ன என்று விளங்காமல் நல்ல உச்சரிப்போடு வாசிப்பேன். நான் ஸ்டேஜ் ஒன் கட்சி. அதற்குப் பக்கங்கள் குறைவு.

இரும்புலியூரில் பட்டறை வைத்திருந்த பாயிடம் யோசனை கேட்கப் போனோம். அவர் படங்களைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"இது இன்னா தம்பி, கூல் ஏர்னு போட்டுக்கீது?"

"வெளியில இருக்கற குளிர்ந்த காத்தை இழுத்து இன்ஜினுக்குக் குடுக்கும் பாய்."

பாய் வாசலுக்கு வந்து சித்திரை வெயிலில் கையை நீட்டிப் பார்த்தார். "தாம்பரத்துல ஏதுபா குளிர்ந்த காத்து? இந்தக் கிட்டை இங்க மாட்டு, வண்டிய ஊட்டில ஓட்டு." பிறகு கிளட்ச் படத்தைக் காட்டி, "இத்த ஜி.எஸ்.டி ரோடு டிராபிக்ல மிதிச்சுகினு இருந்தா ஒரு காலு மட்டும் பயில்வான் காலாய்டும், பாத்துக்கோ" என்றார். ஆறு மாதம் கழித்து அண்ணனின் இடது காலுக்குத் தனி அளவில் பேன்ட் தைக்க வேண்டியிருக்கும் என்று நான் அன்றே சொன்னேன்.

கடைசியில் முடிவெடுத்தவர் அப்பா. ஒரு நாள் காலை இட்லிக்கு நடுவில் நான் "ஸ்டேஜ் ஒன்னே போதும்" என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தேன். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஒரு ஸ்டேஜுக்கு எவனாச்சும் கார் எடுப்பானா? நடந்தே போயிடலாம். ரெண்டு ஸ்டேஜாவது வேணும்."

அண்ணன் இட்லியை விட்டுவிட்டு எழுந்தான். "அப்பாவே ஸ்டேஜ் டூன்னுட்டார்!" அன்றே ஆர்டர் போட்டுவிட்டான். அப்பா எதைப் பற்றிப் பேசினார் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. எம்.ஏ. படித்த எனக்கும்தான்.

பாய் ஒரு வாரம் மல்லுக்கட்டி கிட்டை மாட்டினார். வண்டி தெருமுனையில் திரும்பியபோதே எங்கள் அலமாரியில் டம்ளர்கள் பேச ஆரம்பித்தன. எதிர்வீட்டு நாய் விசில் இல்லாமலே ஓடியது. அப்பா வாசலுக்கு வந்து, சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, நிதானமாகக் கேட்டார்.

"ரெண்டு ஸ்டேஜ் போறதுக்கா இவ்ளோ சத்தம்? அதுக்கு அப்பால நின்னுடுமா?"

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அண்ணன் விளக்கினான். நான் விளக்கினேன், நல்ல உச்சரிப்போடு. அப்பா கேட்டுக்கொள்ளவில்லை. முப்பது வருட சர்வீஸில் அவருக்கு ஸ்டேஜ் பற்றி யாரும் பாடம் எடுத்ததில்லை. "கூடுவாஞ்சேரி ஏழெட்டு ஸ்டேஜ்டா. ஞாயித்துக்கிழமை நான் டவுன் பஸ்ல வரேன், நீ இதுல வா. பஸ் முன்னால போச்சுன்னா திங்கக்கிழமை வண்டிய வித்துடணும். உன் வண்டி முன்னால போச்சுன்னா நான் சைக்கிள பக்கத்து வூட்ல விட்டுக்கறேன்."

அண்ணன் சிரித்தான். டவுன் பஸ்ஸோடு போட்டியா? ஆனால் அப்பா சொன்ன சொல்லை மாற்றாதவர் என்பதால் அந்த வாரம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். எனக்கே அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஞாயிறு மதியம் தாம்பரத்தில் பஸ்ஸும் காரும் ஒன்றாகக் கிளம்பின. பஸ்ஸை ஓட்டியது அப்பாவோடு பதினைந்து வருடம் ஓடிய டிரைவர். அதையும் அப்பா விசாரித்து வைத்திருந்தார், கெட்டிக்காரர். நான் காரில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கிட்டில் எழுதாத ஒரு விஷயம் முதல் சிக்னலிலேயே தெரிந்தது. பஸ் மூக்கை நீட்டினால் எல்லோரும் வழிவிடுகிறார்கள். ஸ்போர்ட்ஸ் கார் மூக்கை நீட்டினால் பைக்கில் வருகிறவர்கள் பக்கத்தில் வந்து, "மச்சான், ஒரு வாட்டி முறுக்கு" என்கிறார்கள். பெருங்களத்தூர்வரை பஸ்ஸின் பின்பக்க விளம்பரத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனோம். அதைத் தாண்டி ஒரு சந்து கிடைத்து முந்தினோம். அண்ணன் ஆனந்தத்தில் ஒரு முறுக்கு முறுக்கினான்.

வண்டலூரில் போக்குவரத்துக் காவலர் ஓரங்கட்டச் சொன்னார்.

"இன்னா சவுண்டு இது? எந்த சைலன்ஸர்?"

"ஸ்டேஜ் டூ சார்," என்றான் அண்ணன், பரிதாபமாக.

அந்த நேரம் பின்னால் பஸ் வந்தது. ஜன்னலில் அப்பாவின் முகம் எங்களைத் தாண்டிப் போயிற்று. வண்டி போச்சு என்று அண்ணன் முணுமுணுத்தான். அடுத்த நொடி, நீளமாக ஒரு விசில். பஸ் நடுரோட்டில் குலுங்கி நின்றது. விசிலை வாயில் வைத்திருந்தது அப்பா. பணியிலிருந்த கண்டக்டர் வாய் பிளந்து நின்றிருப்பார், பாவம். டிரைவரின் காது பதினைந்து வருடம் கேட்ட விசிலுக்குத்தான் கீழ்ப்படிந்தது.

அப்பா இறங்கி ஓடிவந்தார். ஜெயிக்கப் போகிற பந்தயத்தை விட்டுவிட்டு வந்த மனிதர், காவலரிடம் கைகூப்பினார்.

"சார், நான் ரிட்டையர்டு கண்டக்டர். பையன்தான். நல்ல பையன். சத்தத்த நாளைக்கே கழட்டிடுவான்."

"எதுவரைக்கும் போறீங்க?"

"கூடுவாஞ்சேரி சார்."

"இவரு ரெண்டு ஸ்டேஜுன்னாரு?"

"அவனுக்குத் தெரியாது சார், ஏழெட்டு வரும்."

காவலர் எங்கள் மூவரையும் பார்த்தார். இந்தக் குடும்பத்தோடு வெயிலில் நிற்க அவருக்கும் தெம்பில்லை. கண்டித்துவிட்டு, "போங்க" என்றார். அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அண்ணனின் தோளைத் தட்டினார், விசிலை வாயில் வைத்தார், போடா என்பதற்கு அடையாளமாக இரண்டு ஊதினார்.

பஸ் கிளம்பிவிட்டது.

அப்பா "ஹோய்! ஹோய்!" என்று பத்தடி ஓடினார். இரண்டு விசில் கேட்ட டிரைவர் கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை. கண்டக்டரை விட்டுவிட்டு பஸ் போனதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன், கண்டக்டர் தானே விசில் ஊதித் தன்னை விட்டுப் போகச் சொன்னது அன்றுதான்.

வேறு வழியில்லாமல் அப்பா காரில் ஏறினார். ஏறினார் என்பது தவறு, காருக்குள் இறங்கினார். நான் என் முழங்காலைக் கழற்றிவைக்காத குறையாகப் பின்னால் மடங்கினேன். கிளாம்பாக்கம் தாண்டியதும், என்ன அதிசயமோ, ரோடு காலியாக இருந்தது. அண்ணன் அப்பாவைப் பார்த்தான். அப்பா முன்னால் பார்த்தார். ஸ்டேஜ் டூ என்றால் என்ன என்று அந்த அரை நிமிடத்தில் எங்கள் முதுகுக்குத் தெரிந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்பா கத்தினார், "படில நிக்காத! உள்ள போ, உள்ள போ!"

வேகம் குறைந்ததும் அப்பா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பிறகு, "ஊரப்பாக்கம் வரலயே?" என்றார்.

"போயிடுச்சுப்பா."

"ஒரு ஸ்டேஜ முழுங்கிட்டியேடா," என்றார் அப்பா. அதில் கோபம் இல்லை. எனக்குத் தெரிந்து அவர் அண்ணனைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

கூடுவாஞ்சேரிக்கு முதலில் வந்தது பஸ். ஆனால் அப்பா அதில் இல்லையே? அப்பாவும் காரும் ஒரே நேரத்தில் வந்தார்கள். யாருக்கு வெற்றி என்று எங்கள் வீட்டில் பல வருடம் சண்டை ஓடியது. தீர்ப்பு சொல்ல வேண்டியவர் அன்று டீக்கடையில் வைத்துச் சொன்னது இவ்வளவுதான்: "வண்டி இருக்கட்டும். சைலன்ஸர மாத்து."

அன்று முதல் அண்ணன் காரை எடுக்கும்போதெல்லாம் அப்பா கேட் அருகில் வந்து நிற்பார். பின்னால் யாரும் வரவில்லையா என்று பார்ப்பார். பிறகு இரண்டு விசில். அது கேட்காமல் அண்ணன் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்ததே இல்லை.

முடிச்சூர் பக்கம் வெள்ளம் வந்த ஒரு மழையில் அந்தக் கார் மூழ்கியது. கூல் ஏர் கேட்ட குழாய் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது. அப்பாதான் அண்ணனைவிட அதிகமாக அழுதார். பாயின் பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஒரு ஃபிளாட் நிற்கிறது. அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. விசில் எங்கே என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. எல்லோருடைய பையிலும் தேடிவிட்டோம்.

போன ஞாயிறு சாயங்காலம் என்னைத் தாம்பரம் ஸ்டேஷனில் விடுவதற்காக அண்ணன் புதுக் காரில் ஏறினான். கேட்டைத் திறந்துவிட்டு நான் வெளியே நின்றேன். வண்டி உயிரோடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அமைதி. பின்சீட்டில் ஜோ சீட் பெல்ட் மாட்டிக்கொண்டாள். தெருவில் ஒரு வண்டியும் இல்லை. அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான், கிளம்பவில்லை.

"அப்பா, ரோடு காலியாதான இருக்கு? எதுக்கு வெயிட் பண்றீங்க?" என்றாள் ஜோ.

நான் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். இரண்டு தடவையும் வெறும் காற்றுதான் வந்தது. அண்ணன் கண்ணாடியை இறக்கினான்.

"போதும்டி," என்றான். "ரைட்."