ஆறாம் கட்டிலில் மூச்சு 18

நம்பாதவங்க இதோட மூடி வச்சிட்டுப் போகலாம். எனக்குக் கோவமில்ல. ஆனா இது நடந்தது. போன ஜனவரி, ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல்ல, நான் நல்லா முழிச்சிக்கிட்டு நின்னப்ப நடந்தது. ஆஸ்பத்திரி பேர மட்டும் கேக்காதீங்க. இரத்தோட்டையில இருந்து ரிவர்ஸ்டன் பக்கம் ஏறுற ரோட்டுல ஒரு சின்ன ஆஸ்பத்திரின்னு வச்சிக்குங்க.

நான் டொறீன். பதினாறு வருஷமா நர்ஸ். எனக்குக் கீழ வந்தவ சுரேகா. வந்து ரெண்டு வருஷம்தான். அவளக் கண்டாலே எனக்கு வயிறு எரியும், உள்ளதச் சொல்றேன். தேயிலைத் தோட்டத்துல இருந்து வர்ற சனம் வாசல்லயே "சுரேகா மிஸ் இருக்காங்களா?"ன்னுதான் கேக்கும். அப்ப நான் என்ன மரக்கட்டையா? ஹஸீப் டொக்டர் வேற ஒரு நாள் எல்லார் முன்னாலயும், "சுரேகாவப் பாத்து வேல பழகுங்க"ன்னாரு. என்னையப் பாத்து!

ஏன்னா யாருக்கு மோசமாகப் போகுதுன்னு அவ முந்தியே சொல்லிடுவா. கட்டில்கிட்ட ஸ்டூல இழுத்துப் போட்டு, நோயாளியோட நெஞ்சப் பாத்துக்கிட்டு, ஒரு நிமிஷம் முழுசா மூச்சு எண்ணுவா. நான் எண்ண மாட்டேன். முப்பது கட்டில், ரெண்டு நர்ஸ், எங்க எண்ணுறது? சார்ட்ல மூச்சுக் கட்டத்துல 18ன்னு போட்டுட்டுப் போயிடுவேன். நல்லா இருக்கிற ஆளுக்கு அவ்வளவுதானே வரும்.

அன்னைக்கு சுரேகாவுக்கு லீவு. அப்பாடான்னு இருந்துச்சு. ஆறாம் கட்டில்ல தங்கம்மா, கொழுந்து எடுக்கிறவங்க. காய்ச்சல், இருமல். 1.30க்குக் கரண்ட் போச்சு. மலையில இருந்து பனி இறங்கி, ஜன்னல் வழியா வார்டுக்குள்ளயே வந்துருச்சு. கூட இருந்த நர்ஸ் சாப்பிடப் போயிட்டா.

1.50. மேசைகிட்ட இருந்த ஸ்டூல் இப்ப ஆறாம் கட்டில் பக்கத்துல இருந்துச்சு.

சுரேகா! லீவுலயும் குவாட்டர்ஸ்ல இருந்து வந்து என் வேலைய வேவு பாக்குறாளா? எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஸ்டூல காலால தள்ளினேன். சார்ட்ட எடுத்து, ரெண்டு மணிக் கட்டத்துல 18 போட்டேன். இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. இருந்தாலும் வேணும்னே அழுத்திப் போட்டேன்.

2.04. ஸ்டூல் மறுபடி கட்டில்கிட்ட.

"தங்கம்மா, யாரு வந்தது?"

"யாரோ... எண்ணுறாங்க மிஸ்."

"சுரேகாவா?"

இல்லைன்னு தலைய ஆட்டினாங்க. பேச மூச்சு பத்தல.

ஃபோன எடுத்தேன்.

"நீ வார்டுக்கு வந்தியாடி?"

"இல்லக்கா. மாத்தளை போற பஸ்ஸில இருக்கேன்." பின்னால கண்டக்டர் கத்துறது கேட்டுச்சு. அவ குரலத் தாழ்த்திக்கிட்டா. அப்புறம் கேட்டா, "எத்தனைன்னு சொல்லுது அக்கா?"

எண்ணுறதப் பத்தி நான் ஒரு வார்த்த சொல்லல...

லைன் கட்டாச்சு.

2.09. அப்பதான் கேட்டுச்சு. ஒரு பொம்பளக் குரல். கரகரன்னு.

"இருபத்தெட்டு... இருபத்தொம்பது..."

ஸ்டூல்ல யாரும் இல்ல.

மணிக்கூட்டப் பாத்தேன். தங்கம்மா நெஞ்சப் பாத்தேன். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம், நானும் எண்ணினேன்.

ஒண்ணு... ரெண்டு...

குரலும் ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சுது. என்னோட சேர்ந்து.

முப்பத்தி நாலு...

முப்பத்தஞ்சு...

முப்பத்தாறு.

நிமிஷம் முடிஞ்சுது. குரல் நின்னுச்சு.

என் காதுகிட்ட... ஜில்லுன்னு ஒரு மூச்சு.

கத்திக்கிட்டே ஓடினேன். டொக்டர் வந்தாரு. ஒக்சிஜன் குடுத்து, ஆம்புலன்ஸ்ல மாத்தளைக்கு அனுப்பினோம். தங்கம்மா பொழச்சிட்டாங்க. "நல்ல நேரத்துல கண்டுபிடிச்சீங்க, டொறீன்"ன்னாரு டொக்டர். ரெண்டு வருஷமா நான் ஏங்கின வார்த்த. காதுலயே ஏறல.

அடுத்த நாள் சுரேகாவ மடக்கிக் கேட்டேன். அழுதுட்டா.

"வந்த நாள்ல இருந்து கேக்குது அக்கா. யாருக்கு மூச்சு மோசமாகுதோ, அந்தக் கட்டில்கிட்ட எண்ணும். நானும் கூடவே எண்ணிப் பாத்துத்தான் டொக்டர்கிட்ட சொல்லுவேன். எண்ணி முடிச்சா ஒரு பேரச் சொல்லிக் கூப்பிடும். அதான் உங்ககிட்ட சொல்லல."

"யாரு பேர?"

"டொறீன் மிஸ், டொறீன் மிஸ்னு..."

எல்லாரும் அவளையே கேக்குறாங்கன்னு எரிஞ்சேனே. என்னைய மட்டுமே கேக்கவும் ஒரு ஆள் இருந்திருக்கு.

அது யாருன்னு எனக்குத் தெரியும். கெத்தரின். சுரேகா வர்றதுக்கு முந்தின மாசம், அதே ஆறாம் கட்டில்ல இருந்தாங்க. "மூச்சு முட்டுது, டொறீன் மிஸ்"ன்னு காலையில இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. "சும்மா படுங்கம்மா"ன்னேன். அன்னைக்கே செத்துட்டாங்க. டொக்டர் என்ன எழுதினாருன்னு அப்ப நான் வாசிக்கல. வாசிக்கப் பயம்.

பழைய ஃபைல் வைக்கிற இந்திரகுமார்கிட்ட கெஞ்சி, அவங்க ஃபைல வாங்கினேன். டொக்டர் 2.10க்கு வந்து பாத்திருக்காரு. உடம்பு குளிர்ந்து போச்சு, உயிர் போய் ஒரு மணித்தியாலத்துக்கு மேல இருக்கும்னு எழுதியிருக்காரு.

அடுத்த தாள் சார்ட். ரெண்டு மணிக் கட்டம். என் கையெழுத்து.

மூச்சு 18.