ஜினெற் எனக்கு ஏசாத வருஷங்கள்

ரொக்ஸ்பரோவில் என் வீட்டு வாசலில் பனி வழித்துக்கொண்டு நின்றபோது டொறீன் தொலைபேசியில் அழைத்தாள். அவள் ஆங்கிலக்காரி. என்னோடு எப்போதும் ஆங்கிலத்தில்தான் கதைப்பாள். அன்று பிரெஞ்சில், "ஜினெற் போயிட்டாள்" என்றாள். பிரெஞ்சை ஜினெற்றுக்கு ஏசுவதற்கென்றே வைத்திருந்தவள் அவள். கையிலிருந்ததைப் போட்டுவிட்டுப் படியில் இருந்துவிட்டேன். ஒளிப்பானேன்? அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது பொறாமை. செத்த செய்தியைக்கூடத் தங்கள் ஏச்சுப் பாஷையில்தானே சொல்கிறாள் என்று நெஞ்சு எரிந்தது.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் நாங்கள் வேலை செய்த கல்லூரியில் உங்கள் பிள்ளைகள் படித்திருந்தால் ஜினெற்றை அவர்களுக்குத் தெரிந்திருக்கும். உணவகத்தில் சூப் பானைக்குப் பின்னால் நிற்கும் கட்டை மனுசி, பிரெஞ்சுக்காரி. மெலிந்த பிள்ளைகளைக் கண்டால் கேளாமலே இன்னொரு அகப்பை ஊற்றுவாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எங்களுக்குள் மரியாதை போதும் போதும் என்ற அளவுக்கு இருந்தது. அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

டொறீன் இறைச்சி அவிப்பாள். ஜினெற் பட்டாணி சூப் காய்ச்சுவாள். நான் மரக்கறி வெட்டுவேன். காலையில் ஏப்ரன் கட்டும்போதே இருவருக்கும் தொடங்கிவிடும். அவர்கள் சொன்னதை எங்கள் பேச்சுத் தமிழில் எழுதுகிறேன். ஜினெற் ஆங்கிலத்தில், "உங்கட ஆக்கள் உலகம் முழுக்கப் பிடிச்சவை. ஒரு இடத்திலயாவது சமையல் பழகியிருக்கக் கூடாதே?" என்பாள். டொறீன் பிரெஞ்சில், "உங்கட ஆக்கள் ஏன் ஓயாமல் கதைக்கினம் எண்டு இப்பதான் விளங்குது. கதைக்கிறதை நிப்பாட்டினால் இந்தச் சூப்பைக் குடிக்க வேண்டி வருமே!" என்பாள். பிறகு இருவரும் கண்ணீர் வரச் சிரிப்பார்கள். முப்பது வருஷம் இப்படி. நான் வந்து சேர்ந்தது பாதியில். ஏன் ஆளுக்காள் பாஷையை மாற்றி ஏசுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். ஜினெற் சொன்னாள்: "ஒருத்திக்கு அவளின்ர பாஷையிலதான் ஏச வேணும். இல்லாட்டில் அது ஏச்சில்லை, வெறும் சத்தம்." பகிடி விடுகிறாள் என்று நினைத்து நானும் சிரித்துவிட்டு வெங்காயத்தை வெட்டினேன்.

எனக்கென்றால் "பொன்ஜூர்", "மெர்சி", "கவனமாய்ப் போயிட்டு வா." டொறீன் ஒரேயொரு கோப்பையை உடைத்ததற்கு, "இண்டைக்கு எதை உடைக்கிறதாய் உத்தேசம்?" என்று ஒரு கிழமை விடாமல் கேட்டாள் ஜினெற். நான் ஒரு அடுக்குத் தட்டையே போட்டு உடைத்தேன். இருவரும் ஓடிவந்து கையில் வெட்டுப்பட்டதா என்று பார்த்து, கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தந்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். "ஏசேல்லை எண்டு அழுற ஆளை இப்பதான் பாக்கிறன்" என்றார் என் கணவர்.

ஒருமுறை நானே துணிந்தேன். பஸ்ஸில் வரும்போது முணுமுணுத்துப் பாடமாக்கிக்கொண்டு போய், "ஜினெற், பானை கழுவின தண்ணி இதைவிட ருசி" என்று பிரெஞ்சில் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. "உப்புக் காணாதோ? உனக்கு வயிறு சரியில்லையோ?" என்று கேட்டாள். டொறீன் எனக்கென்று தனியாகப் பாண் வாட்டிக்கொண்டு வந்தாள். நாசமாய்ப் போக! இதற்கா நான் அவ்வளவு பாடுபட்டேன்?

போன மாதம் நானும் டொறீனும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஜினெற் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். ஆனாலும் டொறீனின் தொப்பியைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். டொறீன் பிரெஞ்சில் திருப்பிக் கொடுத்தாள். நான் வழமைபோல் சுவரோரம் நின்றேன். டொறீன் கோப்பி வாங்கப் போனதும் ஜினெற் என் பக்கம் திரும்பினாள். மூச்சை இழுத்துக்கொண்டு தமிழில் சொன்னாள்:

"எடி விசரி."

புரோசார்ட்டில் இருக்கும் என் தங்கச்சிக்கு நான் ஒவ்வொரு நாளும் வேலை இடைவேளையில் போன் எடுப்பேன். அவள் ஹலோ சொன்னதும் நான் முதலில் சொல்வது அதுதான், பைத்தியக்காரி என்று செல்லமாக. பக்கத்தில் ஜினெற் கோப்பி குடித்துக்கொண்டு இருப்பாள்.

"பதினாலு வருசமாய்க் காது குடுத்தனான்" என்றாள் பிரெஞ்சில். "உன்ர பாஷை பொல்லாத பாஷை. இதொண்டுதான் பிடிபட்டது. சரியோ?"

"ஓம், சரி" என்றேன். சிரிக்கவா அழவா என்று தெரியாமல் அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருத்திக்கு அவளின் பாஷையில்தான் ஏச வேண்டும் என்ற அவளுடைய சட்டம் எனக்கும் சேர்த்துத்தான் என்று எனக்கு ஏன் ஒருநாளும் விளங்காமல் போனது?

இறுதிச் சடங்கு மண்டபத்தில் டொறீன் முப்பது வருஷத்து ஏச்சையும் ஒவ்வொன்றாகப் பிரெஞ்சில் சொன்னாள். சனம் சிரித்துச் சிரித்து அழுதது. இறங்கி வந்து என் கையைப் பிடித்து, "உனக்குத்தான் அவள் ஒருநாளும் ஒண்டும் சொல்லேல்லை, பாவம்" என்றாள். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். சொல்லியிருந்தால் அதையும் பாடமாக்கி, அடுத்த நாள் சமையலறையில் எனக்கே சொல்லியிருப்பாள். முப்பது வருஷம் அவளிடம் கிடக்கிறது. என்னிடம் இரண்டே இரண்டு சொல். அதில் பங்கு கேட்டால் எப்படி?

ஜினெற்றிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான். டொறீனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற துணிவில் இங்கே எழுதுகிறேன். உங்களில் யாரும் அவளுக்குப் போய்ச் சொல்லிவிடாதேங்கோ.